ஜிம் இல்லாத தோட்டத்தில் உதைபந்தாட்ட அணி: உடல்வலுப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

மழை விட்டால் மைதானம், மழை பிடித்தால் உள்ளரங்கு என்ற வசதி சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளுக்கு இல்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கேகாலையின் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமும் நனையாத மாதம் குறைவு. தேயிலைக்கும் றப்பருக்கும் போக மிஞ்சிய சமதரைதான் மைதானம். பாதிப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் இல்லை. இப்படியொரு தோட்டப் பாடசாலையில் மாலை நேரங்களில் உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவிக்கிறேன். இங்கே நடைமுறையில் பலன் தந்தவற்றை எழுதுகிறேன்.

இது வடக்கு வாசகர்களுக்கும் அந்நியமான கதை அல்ல. 1977, 1981, 1983 வன்முறைகளில் இந்தத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பிறகு போரையும் சுமந்தன. இன்று வன்னி மண்ணில் பந்தாடும் பிள்ளைகள் சிலரின் பாட்டிமார் இந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள். வசதியில்லாத மைதானம் இரு பக்கத்துக்கும் பொது.

சுற்றி ஓடினால் போதுமா?

நமது பாடசாலைகளில் உடற்பயிற்சி என்றால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவது. பிந்தி வந்தவருக்குத் தண்டனையும் அதே ஓட்டம்தான். ஆனால் உதைபந்தாட்டத்தில் பிள்ளை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாய்கிறது, சட்டென நிற்கிறது, திரும்புகிறது, குதித்து ஒற்றைக்காலில் இறங்குகிறது. காயம் பெரும்பாலும் அந்த நிற்கும், திரும்பும், இறங்கும் கணங்களில்தான் வருகிறது. ஆகவே பயிற்சியும் அவற்றுக்கே வேண்டும். 10 முதல் 20 மீற்றர் வரை முழு வேகத்தில் ஓடி, ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் ஓடுவது பத்துச் சுற்றை விடப் பயன் தரும்.

இருபது நிமிடம், செலவில்லை

2006 இல் பீபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு ‘பீபா 11 பிளஸ்’ என்ற பயிற்சித் தொகுப்பை உருவாக்கியது. இது 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. மொத்தம் 15 பயிற்சிகள்: 8 நிமிடம் மெதுவான ஓட்டமும் அசைவுகளும், 10 நிமிடம் வலு, குதிப்பு, சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். பந்தைத் தவிர வேறு உபகரணம் தேவையில்லை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுடைய 1,800க்கு மேற்பட்ட வீராங்கனைகளிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கிழமையில் இரண்டு தடவையாவது செய்ய வேண்டும்.

இதில் இரண்டைக் கைவிடவே கூடாது. ஒன்று, முழந்தாளில் நிற்பவரின் கணுக்கால்களைத் தோழர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெல்ல முன்னே சாய்வது. தொடையின் பின்தசையை இது காக்கும். மூன்று முதல் ஐந்து தடவை போதும். மற்றையது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல், பாதத்துக்கு நேரே நிற்கப் பழக்குவது. முழங்கால் சவ்வு கிழியும் ஆபத்து ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். தோட்டத்தில் ஒரு பிள்ளையின் முழங்கால் போனால், கிளினிக் நாள் ஒவ்வொன்றிலும் தாய்க்கு ஒரு பேர் இழப்பு. காயம் இங்கே குடும்பத்தின் அரிசிச் செலவைத் தொடுகிற விடயம்.

வளரும் வயதில் பாரம் தூக்கலாமா?

பாரம் தூக்கினால் பிள்ளை உயராது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. சரியான முறையில், பெரியவர் மேற்பார்வையில் செய்யும் வலுப்பயிற்சி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று 2014 இல் வெளியான சர்வதேச நிபுணர் அறிக்கை கூறுகிறது. நமக்குத் தன் உடல் எடையே போதும்: உட்கார்ந்து எழுதல், முன்காலெடுத்து மடங்குதல், முழங்கையில் தாங்கி நிற்றல். ஆனால் வேகமாக உயரும் காலத்தில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வரும் வலியைச் சாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். குதிப்பையும் ஓட்டத்தையும் குறையுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, நடை. மேல் டிவிஷனிலிருந்து பாடசாலைக்கு இறங்கி, பின்னேரம் ஏறும் பிள்ளை அன்றைய வேலையில் பாதியை ஏற்கெனவே செய்துவிட்டது. யார் எவ்வளவு தூரம் நடக்கிறார், எவ்வளவு களைப்பு என்பதைக் கொப்பியில் குறித்து, அதற்கேற்பப் பயிற்சியைக் குறைக்கிறேன்.

ரொட்டியும் தேத்தண்ணியும்

2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17.3 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இன்று நம் அணிகளில் ஆடும் வயதை எட்டுகிறார்கள். வெறும் வயிற்றில் வரும் பிள்ளையிடம் வலுப்பயிற்சி வலுவைக் கட்டாது, இருப்பதையும் கரைக்கும். அவித்த கௌபி, கடலை, பருப்பு, நெத்தலி, முடிந்தால் முட்டை: பயிற்சி நாளில் இவற்றில் ஏதாவது ஒன்றாவது வேண்டும்.

செலவில்லாத மாற்றமும் ஒன்று உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இது இரத்தசோகையைக் கூட்டும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். தேயிலை பறிக்கும் வீட்டில் இதைச் சொல்வது இலகுவல்ல. ஆனால் காரணத்தை விளங்கப்படுத்தினால் அம்மாமார் கேட்கிறார்கள்.

பதினாறு வயதில் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன்களை நாம் அறிவோம். காயத்தால் அணியை விட்ட பிள்ளை, அடுத்து வகுப்பையும் விடுவதைப் பார்த்திருக்கிறேன். கிண்ணம் வெல்வது பிறகு. பிள்ளை முழு உடலோடு சாதாரண தரப் பரீட்சை வரை அணியில் நிற்கட்டும். அதற்கு முதலில் வேண்டியது கிழமைக்கு இரண்டு தடவை இருபது நிமிடமும், ஒரு சுண்டு கௌபியும்தான்.