கட்டு தளர்ந்தால் முதல் கரையும்

மொத்தக் கடையில் சிப்பத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். அதே சரக்கு வண்டியில் ஏறும்போது ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதில்லை. "டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். வழியில் ஓர் எண்ணெய் டின் சரிந்து உடைந்தால், பக்கத்தில் உள்ள அரிசி, பருப்புச் சிப்பங்களும் பாழ்.

கனமான சரக்கு நகராது என்று எண்ணுவது தவறு. வண்டி நின்றாலும் சரக்கு முன்னோக்கியே போகப் பார்க்கும். ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி, லாரிச் சரக்கின் கட்டு முன்பக்கம் எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டில் 50 சதவீதத்தையும் தாங்க வேண்டும். 50 கிலோ சிப்பம் 20 ஏற்றினால் 1 டன். திடீர் பிரேக்கில் அது 800 கிலோ அளவுக்கு முன்னே தள்ளக்கூடும். மேலே போட்ட ஒற்றைக் கயிறு என்ன செய்யும்?

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை:

1. முன்பலகையை ஒட்டி நெருக்கமாக அடுக்கவும். இடைவெளி இருந்தால் சாக்குக் கட்டு, மரக்கட்டை வைத்து அடைக்கவும்.

2. கனம் கீழே, இலேசு மேலே. சிப்பங்களைச் செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கவும்.

3. எண்ணெய் டின்களை அடித்தட்டில் நிமிர்த்தி நெருக்கி வைக்கவும்.

4. கயிறு கூடியவரை நேராகக் கீழிறங்கிக் கொக்கியில் சேர வேண்டும். சாய்ந்தால் அழுத்தம் குறையும். கூரிய விளிம்பில் கயிறு படும் இடத்தில் மடித்த சாக்கு வைக்கவும்.

5. தார்ப்பாய் மழைக்கும் தூசிக்கும்தான். முதலில் சரக்கைக் கட்டி, பிறகு தார்ப்பாய் போடவும்.

6. 10, 15 கிலோமீட்டர் போனதும் வண்டியை நிறுத்திப் பார்க்கச் சொல்லவும். சிப்பங்கள் அமுங்கிக் கயிறு தளர்ந்திருக்கும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு பக்கவாட்டிலோ, முன்பின்னோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் கூலி தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் பொறுப்பு. நம் சொந்த வண்டி என்றால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர்மீது ஒரு சிப்பம் விழுந்தால், எந்த லாபம் அதை ஈடு செய்யும்? நைந்த கயிற்றை மாற்றச் சொல்லுங்கள். புதுக் கயிற்றின் விலை ஓர் எண்ணெய் டின் விலையைவிடக் குறைவுதான்.