நெட் இல்லாமல் இரண்டு லேப்டாப்பில் ஒரே ஆட்டம்!



"நெட் இல்லையே, அப்புறம் எப்படிடா ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுறது?" நம் வகுப்பில் என்னிடம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது. டேட்டா தீர்ந்தவுடன் லேப்டாப்பை மூடி வைத்துவிடுபவர்களும் உண்டு. உண்மையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லேப்டாப் பேசிக்கொள்ள இன்டர்நெட் வேண்டியதே இல்லை. இதற்கு 'லேன்' என்று பெயர். லோக்கல் ஏரியா நெட்வொர்க் என்பதன் சுருக்கம்.

ஒரு கடிதம் போய்ச் சேர என்னென்ன வேண்டும்? ரோடு, கதவு எண், கதவைத் திறக்க ஆள். லேனுக்கும் இதே மூன்றுதான்.

1. ரோடு

இரண்டு லேப்டாப்பையும் ஒரு லேன் கேபிளால் நேராக இணைத்தால் போதும். பழைய கம்ப்யூட்டர்களுக்கு உள்ளே கம்பிகளை மாற்றிக் கட்டிய 'கிராஸ் ஓவர்' கேபிள் வேண்டும். கிகாபிட் வேகம் உள்ளவை தானாகவே மாற்றிக்கொள்ளும், சாதாரண கேபிளே போதும்.

கேபிள் குத்த இடம் இல்லாத லேப்டாப்பா? கவலை வேண்டாம். செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, இரண்டையும் அதில் சேர்க்கலாம். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டாலும் பல செல்போன்களில் ஹாட்ஸ்பாட் வேலை செய்யும். ஒரு எம்.பி. கூட செலவாகாது!

2. கதவு எண்

இதுதான் ஐபி முகவரி. ஹாட்ஸ்பாட் என்றால் செல்போனே கொடுத்துவிடும். கேபிள் என்றால் நாமே கொடுப்பது நல்லது. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், ஈதர்நெட்டின் ப்ராப்பர்டீஸில் ஐபி வெர்ஷன் 4ஐத் திறக்கவும்.

முதல் லேப்டாப்: 192.168.5.1
இரண்டாவது: 192.168.5.2
சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும்: 255.255.255.0

கடைசி எண் மட்டும்தான் மாற வேண்டும். முதல் மூன்றும் தெருப் பெயர் மாதிரி, ஒரே தெருவில் இருந்தால்தான் நேராகப் பேச முடியும்.

3. கதவு

இங்கேதான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸில் 'ஃபயர்வால்' என்று ஒரு காவல்காரர் இருக்கிறார். கேபிளால் நேராக இணைத்தால், இது எந்த நெட்வொர்க் என்று அவருக்குத் தெரியாது. அதனால் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிடுவார். விளையாட்டை அனுமதிக்கலாமா என்று கேட்கும்போது 'ப்ரைவேட்' மட்டும் டிக் செய்தால் போதாது, 'பப்ளிக்'கும் வேண்டும். கேன்சல் கொடுத்துவிட்டால் மறுபடி கேட்கவே கேட்காது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஃபயர்வால் பகுதிக்குப் போய் நாமே அனுமதிக்க வேண்டும். இதற்காக ஃபயர்வாலையே ஆஃப் செய்துவிடாதீர்கள்!

எங்கே கோளாறு?

கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து, எதிர் லேப்டாப்பின் முகவரியைக் கொடுங்கள்.

'ரிப்ளை ஃப்ரம்' என்று எதிர் லேப்டாப்பின் முகவரியோடு வந்து, பக்கத்தில் மில்லி செகண்டும் இருந்தால், ரோடும் எண்ணும் சரி.
'அன்ரீச்சபிள்' என்று வந்தால் கேபிளையோ முகவரியையோ பாருங்கள்.
'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் காவல்காரர்தான் காரணம்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் அஞ்சு நிமிஷத்தில் பிடித்துவிடலாம். சும்மா ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

இனி ஆட்டம்

நானும் அக்காவும் விளையாடுவது சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற கார் ரேஸ். இலவசம். 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து லேனில் விளையாடலாம். பென் டிரைவில் எடுத்து வந்து இரண்டிலும் ஒரே பதிப்பைப் போடுங்கள். 'ஆன்லைன்' என்ற மெனுவுக்குள் போக வேண்டும், பெயரைப் பார்த்து பயப்படாதீர்கள். அதில் 'லோக்கல் நெட்வொர்க்கிங்' இருக்கும். ஒருவர் லேன் சர்வரை உருவாக்க, இன்னொருவர் தேடிச் சேர வேண்டியதுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

லேன் கேபிளில் ஓடும் 'ஈதர்நெட்' முறை 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் மெட்கால்ஃப். 2022ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

முடித்த பிறகு மறக்காதீர்கள்

ஐபி முகவரியை மறுபடியும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பிராட்பேண்ட் கேபிளைக் குத்தி அப்ளிகேஷன் போட உட்காரும்போது நெட் வராது, திட்டு மட்டும்தான் வரும். ஃபயர்வாலில் 'பப்ளிக்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். நமக்காகத் திறந்த கதவு, ரயில்வே ஸ்டேஷன் வைஃபையிலும் திறந்தே கிடக்கக் கூடாது அல்லவா?



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்