சுரங்கத்திலிருந்து சபைக்கு

1930-களில் தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஊர் ஊராக வேலையற்ற ஆண்கள் தெருமுனையில் நின்றார்கள். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய ஜிம் கிரிஃபித்ஸ், 1936-ல் லானெல்லி தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போனார்.

அந்நாளில் சுரங்கத்தில் கை கால் போனவர் நஷ்டஈட்டுக்கு முதலாளியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கேஸ் நடத்தக் காசுக்கு எங்கே போவார்? 1945-ல் கிரிஃபித்ஸ் தேசியக் காப்பீட்டு அமைச்சரானார். அவர் கொண்டுவந்து 1946-ல் நிறைவேறிய சட்டம், நஷ்டஈடு தரும் பொறுப்பை அரசுக் காப்பீட்டுக்கு மாற்றியது. 1948 ஜூலை 5 முதல் நடைமுறை.

1964-ல் வேல்ஸுக்கென்று கேபினட்டில் தனி அமைச்சர் பதவி உருவானதும், அதில் முதலில் அமர்ந்தவர் இவர்தான். அப்போது வயது 74!