நோயாளிக்காக நீங்களே தைக்கலாம்: இதய வடிவத் தலையணையும் தோள்பையும்

மருத்துவமனையில் நோயாளியின் அருகே தங்கியிருப்போர் பெரும்பொழுதைக் காத்திருப்பதிலேயே கழிக்கின்றனர். மருத்துவர் வரும்வரை, பரிசோதனை முடிவு கிடைக்கும்வரை, கைகள் சும்மா இருக்கின்றன. அந்த நேரத்தில், தையல் பழகாதவரும் நோயாளிக்கு உதவும் இரண்டு பொருள்களைத் தைத்துவிடலாம். ஒரு மீட்டர் பருத்தித் துணி, ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒன்றரை மீட்டர் நாடா, சிறிது பஞ்சு ஆகியவை போதும்.

ஏன் இதய வடிவம்?

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின்போது, பலருக்கு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்படுகின்றன. அதன்பின் கையை உடலோடு ஒட்டி வைத்தால் காயம் அழுந்தி வலிக்கும். ஒருக்களித்துப் படுப்பதும் கடினம். வீடு திரும்பும் நாளில், தேனியிலிருந்து கம்பத்துக்கோ போடிக்கோ பேருந்தில் செல்பவருக்கு வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த இடத்தில் தெரியும்.

இதய வடிவத் தலையணையின் மேற்பள்ளம் அக்குளில் பொருந்த, இரு வளைவுகளும் கையின் முன்னும் பின்னுமாக அமையும். கையின் பாரத்தைத் தலையணை தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்லாங்கர் மருத்துவமனைச் செவிலியர் ஜேனட் கிரேமர்-மாய் என்பவரால் 2000-களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கிய இத்தலையணையை, இன்று பல நாடுகளில் தன்னார்வலர்கள் தைத்து நோயாளிகளுக்கு வழங்குகின்றனர்.

நமக்கு வேண்டிய பொருள்கள் இம்மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் கைத்தறிப் பருத்திக்குப் பெயர்பெற்றவை. போடிநாயக்கனூர் மலையடிவாரம் இலவம் பஞ்சுக்குப் பெயர்பெற்றது. இலவ இழையின் உள்ளே காற்று நிறைந்த வெற்றிடம் இருப்பதால் அது மிக இலேசானது. வலியுள்ள இடத்தில் பாரம் ஏற்றாது.

தலையணை தைக்கும் முறை

1. புதுத் துணியாயின் முதலில் துவைத்து உலர்த்துங்கள். கஞ்சி நீங்கும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும்.

2. செய்தித்தாளில் 40 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகத்தை வெட்டி, 20 செ.மீ. அகலமாக மடியுங்கள். மடிப்பு இடப்பக்கம் இருக்கட்டும்.

3. நான்கு புள்ளிகள் வையுங்கள். முதலாவது, மடிப்பின் மீது மேலிருந்து 10 செ.மீ. கீழே. இரண்டாவது, மேல் விளிம்பில் மடிப்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி. மூன்றாவது, வலது விளிம்பில் மேலிருந்து 13 செ.மீ. கீழே. நான்காவது, மடிப்பின் அடிமுனை.

4. முதற்புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு வளைவாக ஏறி, மூன்றாவதற்கு வளைவாக இறங்கி, அங்கிருந்து நான்காவதற்குச் சற்றே புடைத்த சாய்கோடாக வரையுங்கள். கோட்டின் வழியே வெட்டி விரித்தால் இதயம் கிடைக்கும். தையலுக்கான 1 செ.மீ. இதில் அடங்கும்.

5. 90 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டரை, நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு 45 செ.மீ. அகலமாக இரண்டாக மடியுங்கள். தாளைக் குண்டூசியால் பொருத்தி, இரு மடிப்பையும் சேர்த்து வெட்டுங்கள்.

6. விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே, இரட்டை நூலில் பின்தையல் இடுங்கள். அதாவது, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சிறிது பின்னே குத்தி, முன்னே எடுக்க வேண்டும். நேரான பக்கம் ஒன்றில் 8 செ.மீ. தைக்காமல் விடுங்கள்.

7. பள்ளத்தில் தையலுக்கு மிக அருகே வரை ஒரு வெட்டும், வளைவுகளில் சிறுசிறு வெட்டுகளும் கொடுங்கள். நூலை வெட்டிவிடாதீர்கள். பின் துணியை வெளிப்புறமாகத் திருப்புங்கள்.

8. வளைவுகளில் முதலில் பஞ்சை நிரப்பி, பிறகு நடுவை நிரப்புங்கள். கையை மேலே வைத்தால் பாதியளவு அமுங்க வேண்டும். கெட்டியாக அடைத்தால் பயனில்லை. திறப்பை நெருக்கமாகத் தைத்து மூடுங்கள்.

இலவம் பஞ்சின் மெல்லிழை தளர்ந்த நெசவின் வழியே வெளிவரும். ஆகவே நெருங்கிய நெசவுள்ள துணியைப் பயன்படுத்துங்கள். அப்பஞ்சைத் துவைத்தால் கட்டிப்படும். வெயிலில் காயவைப்பதே முறை. அடிக்கடி துவைக்க வேண்டியிருந்தாலும், நோயாளிக்கு ஆஸ்துமா அல்லது தூசி ஒவ்வாமை இருந்தாலும், துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் பஞ்சே ஏற்றது.

வடிகுழாய்க் குப்பிக்குத் தோள்பை

அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு டிரெயின் எனப்படும் வடிகுழாய் சில நாள் பொருத்தப்பட்டிருக்கும். நடக்கும்போது அதன் குப்பியைக் கையில் பிடித்துக்கொள்ள நேர்கிறது. இப்பை கைகளை விடுவிக்கும்.

மீதமுள்ள துணியில் 64 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும் உள்ள துண்டை வெட்டுங்கள். இரு குறுகிய ஓரங்களையும் 2 செ.மீ. மடித்துத் தையுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க நடுவில் மடித்து, இரு பக்கங்களையும் 1 செ.மீ. விட்டுத் தைத்துத் திருப்பினால் 30 செ.மீ. உயரப் பை தயார். நாடாவின் இரு முனைகளையும் வாயின் இருபுறமும் உறுதியாகத் தையுங்கள். அறுவை சிகிச்சை செய்யாத பக்கத் தோளில் மாட்டி, பை காயத்தைவிடத் தாழ்வாகத் தொங்குமாறு நாடாவின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். குழாய் மடங்கவோ இழுபடவோ கூடாது.

கவனிக்க வேண்டியவை

நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவரின் அந்தப் பக்கக் கையில் ஊசி குத்தினால் கிருமித் தொற்றும் வீக்கமும் ஏற்படக்கூடும். எனவே தையலை உடனிருப்பவரே செய்வது நல்லது. ஊசியைப் படுக்கையில் வைக்காதீர்கள். பஞ்சு நிரப்பும் வேலையை வார்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

தலையணை வலியைத் தணிக்கத் துணைபுரியுமேயன்றி மருந்துக்கு மாற்றாகாது. அது இருக்கிறதென்று கைப்பயிற்சிகளை நிறுத்திவிட வேண்டாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, கையில் வீக்கம், திடீரென மிகும் வலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

வீணான காத்திருப்பை ‘இலவு காத்த கிளி’ என்பது நம் வழக்கு. இலவங்காய் கனியுமென்று காத்திருந்த கிளிக்குக் கிடைத்தது பஞ்சுதான். நம் காத்திருப்பிலோ அந்தப் பஞ்சே பயன்தருகிறது. தையல் சற்றுக் கோணலாக அமைந்தாலும் கவலை வேண்டாம். வீடு திரும்பும் பேருந்தில் அக்குளடியில் அது மெத்தென்று இருந்தால் போதும்.