பழைய கார் வாங்கும்போது பெட்ரோலா, டீசலா?

பட்டாசு ஆலைகளில் தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆகி, கடைகளில் நின்ற பாக்கி ஓரளவு வசூலாகும் நாட்களில் நம் வட்டாரத்து வணிகர் வீடுகளில் கார் பேச்சு எழுவது வழக்கம். புதுக் கார் வாங்க மனம் வராது. அந்தப் பணத்துக்குச் சரக்கு எடுத்துப் போடலாமே என்று கணக்குப் போடும் பழக்கம் நமக்கு. ஆகவே பழைய கார் பார்ப்போம். பெட்ரோலா, டீசலா என்று தரகர் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமலே டீசல் என்று சொல்லிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அதனால் பட்ட நஷ்டத்தை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

நமக்கு டீசல் மேல் இவ்வளவு பற்று வரக் காரணம் உண்டு. சரக்கு வருவது டீசல் லாரியில். போவது டீசல் வேனில். அந்த நாள் டீசல் அம்பாசிடரைச் சாலையோர மெக்கானிக் ஸ்பானரை வைத்தே சரி செய்து அனுப்பிவிடுவார். விலையோ பெட்ரோலை விட வெகு மலிவு. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் என்றால் எவருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆண்டுகளில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் ஆனதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த மலிவு டீசலின் இயல்பான விலை அன்று. லாரிக்கும் பஸ்ஸுக்கும் விவசாயிக்கும் உதவ அரசு தாங்கிப் பிடித்த விலை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் நீக்கினார்கள். டீசலை 2013 ஜனவரி முதல் மாதம் சில பைசாவாக ஏற்றிக்கொண்டே வந்து, 2014 அக்டோபரில் முழுவதுமாகச் சந்தை விலைக்கு விட்டுவிட்டார்கள். 2025-இல் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். வித்தியாசம் ஒன்பது ரூபாய்தான். விலை மாறிவிட்டது, நம் நினைப்பு மட்டும் 2012-லேயே நிற்கிறது.

நாங்கள் 2016-இல் ஐந்து வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கினோம். அதே வயதுப் பெட்ரோல் காரை விட 60,000 ரூபாய் கூடுதல். எண்ணெய்ச் செலவில் அது சீக்கிரம் திரும்பிவிடும் என்று எண்ணினோம். ஆனால் அந்தக் கார் போன இடங்கள் என்ன? தாயில்பட்டியிலிருந்து சிவகாசி பேங்குக்கு, வெம்பக்கோட்டைக்கு ஒரு துஷ்டி வீடு, வெள்ளிக்கிழமை இருக்கன்குடி, மாதத்துக்கு ஒரு தடவை விருதுநகர் மண்டிக்கு. மற்ற நாட்களில் கொட்டகையில் நின்றது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதிகம்.

2019 பிப்ரவரியில் வீட்டம்மாளுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் என்று விடியற்காலம் புறப்பட்டோம். விருதுநகர் தாண்டிக் கள்ளிக்குடி பக்கம் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. வீட்டம்மாளையும் மருமகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு விருதுநகர் பட்டறைக்கு வந்தோம். இஞ்செக்டர் நான்கும் பம்பும் பழுது. மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணாச்சி, வண்டிய நீங்க ஓட்டிக் கெடுக்கல, ஓட்டாமக் கெடுத்திருக்கீக." பில் 48,000 ரூபாய்.

அந்த நேரத்தை நம் பகுதி வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததை அடுத்து நவம்பர் முதல் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலை இல்லாத சனத்துக்கு அரிசி பருப்பு இல்லை என்று சொல்ல முடியுமா? சில்லறைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். அவருக்கு நாங்கள் கடன் கொடுத்தோம். சிட்டை முழுக்கப் பாக்கி. அந்த நிலையில் 48,000 ரூபாயை எண்ணி வைத்ததால், பருப்பு மண்டிக்குத் தர வேண்டிய பணத்தைத் தவணை தாண்டி மூன்று வாரம் கழித்துத்தான் கொடுத்தோம். எங்கள் தகப்பனார் காலம் முதல் அப்படி நேர்ந்ததே இல்லை. மண்டிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த லோடுக்கு, "பணம் போட்டுவிட்டு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

ஓட்டாத வண்டி ஏன் கெட வேண்டும் என்று அப்போது நாங்களும் கேட்டோம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக் பொறி வைத்துக் கொளுத்துகிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தினால் அது நெருப்பாய்ச் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அழுத்தம் தாங்க எஞ்சின் கனமாக இருக்கும், சிக்கனமும் கிடைக்கும். பழைய டீசலுக்கு இவ்வளவுதான். இப்போதைய காமன் ரெயில் டீசலில், காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மயிரிழைத் துளை வழியாக டீசல் பீய்ச்சப்படுகிறது. டேங்கில் துளி ஈரம் கட்டினாலும், மாதக்கணக்கில் நின்ற டீசல் பிசின் பிடித்தாலும் அந்தத் துளை தாங்காது. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிட்டால் உள்ளே கரியும் படியும். ஸ்பானர் மெக்கானிக்கால் இதைத் தொட முடியாது. கம்ப்யூட்டர் வைத்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். அம்பாசிடர் டீசலை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கியதுதான் எங்கள் தவறு.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு செய்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் சேர்ந்துவிட்டது. வண்டி நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு பெரிது. அந்த விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது.

இனி கணக்குக்கு வருவோம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம். டீசல் கார் லிட்டருக்கு 20 என்றால் 30 லிட்டர், 2,760 ரூபாய். பெட்ரோல் கார் 15 கொடுக்கும் என்பார்கள். நாம் 14 என்றே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். முந்தைய கலப்புக்கு என்று செய்த கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. அப்படியானால் 43 லிட்டர், சுமார் 4,330 ரூபாய். டீசலில் மிச்சம் மாதம் 1,570. கூடுதலாகப் போட்ட 60,000-க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 600 போயிற்று. ஆயில், டீசல் பில்டர், பெரிய பேட்டரி என்று கூடுதல் பராமரிப்புக்கு மாதம் 350 தள்ளினால் நிற்பது 620 ரூபாய். வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம். எங்கள் 48,000 ரூபாய் பில், ஆறரை வருட மிச்சத்தை ஒரே நாளில் தின்றுவிட்டது. விற்கும்போது அந்த 60,000-இல் ஒரு பங்கு திரும்பி வரும் என்பது உண்மை. எவ்வளவு என்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

இதே கணக்கை மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் போட்டால் எரிபொருளில் மட்டும் 5,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். அவர் டீசல் வாங்குவதே சரி. வண்டியும் தினம் சூடேறி ஓடுவதால் கெடாது. எங்கள் அபிப்பிராயத்தில் மாதம் ஆயிரத்துக்குக் கீழே என்றால் பெட்ரோல், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேலே என்றால் டீசல். இடையில் இருப்பவர், தன் ஓட்டம் நீண்ட பயணமா, பொட்டுப் பொட்டான பயணமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜி.எஸ்.டி. வகையில் எதை வாங்கினாலும் ஒன்றுதான். 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்கு நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவே இல்லை. கடைக் கணக்கில் வாங்கினால் வரி திரும்பும் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். இன்சூரன்ஸில் சி.சி.யைப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. பெரிய டீசல் வண்டிகள் பல இந்தக் கடைசி வரிசையில் விழும்.

பழைய டீசலில் இன்னொரு சங்கதி. கிலோமீட்டர் மீட்டர் குறைவாகக் காட்டினால் மகிழ வேண்டாம். டீசல் வாங்கியவர் ஓட்டுவதற்குத்தானே வாங்கினார்? ஒன்று மீட்டரைத் திருப்பியிருப்பார்கள். இல்லையென்றால் எங்களைப் போல் நிறுத்தி வைத்திருப்பார்கள். இரண்டும் ஆகாது. சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் முன்பு வாடகை வண்டியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே நாம் நேரில் போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தலைநகர்ப் பகுதியில் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திய பின், டெல்லி வண்டிகள் பல மலிவாகத் தெற்கே வந்தன. 2025 ஆகஸ்டில் அந்தப் பிடியை நீதிமன்றம் தளர்த்தியது. எப்படியானாலும் வெளி மாநில வண்டிக்குத் தடையின்மைச் சான்று வேண்டும், நம் மாநிலத்தில் வரியும் கட்ட வேண்டும்; இவற்றைச் சேர்த்த பிறகே மலிவா என்று சொல்ல முடியும். 15 வருடத்தை நெருங்கிய வண்டி என்றால், பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியதும் நினைவில் இருக்கட்டும்.

டீசல் எளிதில் தீப்பிடிக்காது, பட்டாசு ஊருக்கு அதுதான் நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பத்திலேயே பற்றும் என்பது உண்மைதான். ஆனால் கேனில் பெட்ரோல் வாங்கிக் கடைக்குள் வைப்பதும், குடும்பக் காரின் டிக்கியில் வெடிப் பெட்டி ஏற்றுவதும்தான் இங்கே ஆபத்து. அதை விட்டால் போதும்.

நாங்கள் 2019 கடைசியில் டீசல் காரை விற்றுவிட்டு, சிறிய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினோம். எத்தனால் வந்த பிறகு மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரப்பர் குழாய்களை வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். பெரிய செலவு ஏதும் இதுவரை வைக்கவில்லை. பழைய டீசல் காரை வாங்கியவர் ஏழாயிரம்பண்ணைக்காரர். திருநெல்வேலி, தூத்துக்குடி என்று தினமும் லைனுக்குப் போகிறவர். போன மாதம் வழியில் பார்த்தோம். நிறுத்தி நலம் விசாரித்துவிட்டு, "வண்டி தங்கமா ஓடுது அண்ணாச்சி" என்று சொல்லிப் போனார்.