நக்கவாரத்தின் சமய அரசியல் வரலாறும் மொழிநிலையும்

2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் ஷாதிபூர் என்றொரு பகுதி உண்டு. திருமணத்தைக் குறிக்கும் 'ஷாதி' என்னும் பாரசீகச் சொல்லும் 'பூர்' என்னும் வடமொழிவழி ஈறும் இணைந்த இப்பெயர், 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில் கைதிகளுக்கு அரசு இசைவுடன் நடந்த திருமணங்களோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இங்கு ஆட்சியின் செயல் ஊர்ப்பெயராக உறைந்துள்ளது. தெற்கேயுள்ள நிக்கோபார்த் தீவுகளின் நிலை வேறு. அங்கு ஆட்சிகள் இட்ட பெயர்களுள் பெரும்பாலன மறைந்தன. சமயம் தேர்ந்தெடுத்த ஒரு மொழியோ நிலைபெற்றது.

இத்தீவுகளைத் தமிழர் நக்கவாரம் என்றனர். 1025ஆம் ஆண்டைய கடற்படையெடுப்பைக் கூறும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்னும் வடிவம் காணப்படுகிறது. பிறர் இட்ட பெயரே இதுவும். கார் நிக்கோபார் மக்கள் தம் தீவைப் 'பூ' என்றே வழங்குவர்.

1756இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர் இத்தீவுகளைத் தமதாக்கிப் 'புதிய டென்மார்க்' என்றும், பின்னர்ப் 'பிரெடரிக் தீவுகள்' என்றும் பெயரிட்டனர். 1778இல் ஆஸ்திரியர் சில ஆண்டுகள் உரிமை கோரினர். பேரரசி மரியா தெரேசாவை நினைவூட்டும் 'தெரசா' என்னும் தீவுப்பெயர் மட்டுமே அம்முயற்சியின் எச்சம். தரங்கம்பாடி வழியாகச் சென்ற மொரேவியச் சபையார் 1768 முதல் 1787 வரை நான்கௌரியில் தங்கினர். காய்ச்சலால் பலர் மாண்டனரேயன்றிச் சமயம் வேரூன்றவில்லை. 1868இல் டென்மார்க் தன் உரிமையைப் பிரிட்டனுக்கு விற்றது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு உரிமை தீவுமக்கள் பேச்சில் விட்டுச்சென்றது மிகச் சிறிதே.

இவர்கள் எவரும் கைப்பற்றாத அதிகாரமொன்று அங்கு ஏற்கெனவே இருந்தது. சிறிய தீவாகிய சௌராவே சடங்குநிலையில் தலைமை பெற்றிருந்தது. மட்பாண்டம் வனைதல் சௌராவுக்கே உரியது என்பது மரபு. ஏனைய தீவினர் அதனை மீறத் துணியவில்லை. பெருந்தோணிகளின் வணிகமும் அதன் வழியாகவே நடைபெற்றது. சௌராவாரின் மந்திர ஆற்றல் மீதிருந்த அச்சமே இவ்வதிகாரத்தின் அடிப்படை எனலாம். படையோ வரியோ அதற்குத் தேவைப்படவில்லை.

மாற்றம் கார் நிக்கோபாரில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழ் உபதேசியார் மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அவர்தம் மாணவருள் ஒருவரான ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் கற்றுத் திரும்பி, 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமைகளுக்குத் தப்பி, 1952இல் முதலாம் மக்களவையின் நியமன உறுப்பினரானார். 1966இல் அந்தமான் நிக்கோபார் மறைமாவட்டத்தின் முதற் பேராயரானார். சமயத் தலைமையும் அரசியல் பேராண்மையும் ஒருவரிடமே குவிந்தன. அவருடைய மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு 1950இலும் முழு விவிலியம் 1969இலும் உரோமன் எழுத்தில் வெளிவந்தன.

அம்மொழிபெயர்ப்பு கார்த் தீவின் பேச்சில் அமைந்தது. அதனால் அப்பேச்சே எழுத்துமொழியாயிற்று. வழிபாட்டின் வாயிலாகப் பிற தீவுகளுக்கும் பரவியது. சடங்குத் தலைமை பெற்றிருந்த சௌராவின் பேச்சு அத்தகுதியை எய்தவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கார் நிக்கோபாரின் மக்கள்தொகை 17,841, சௌராவில் 1,270. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் சௌராவார் சில காலம் தெரசாவில் குடியமர்த்தப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் எழும் இடர்கள் சில. மருத்துவமும் சடங்கும் ஒருங்கே கைவரப்பெற்ற 'மென்லுவானா' என்பவரை ஆங்கில நூல்களைப் பின்பற்றி 'மந்திரவாதி' எனத் தமிழாக்குவது, பழைய சமயப்பணியாளரின் பார்வையைத் தமிழுக்குக் கடத்துவதாகும்; சொல்லை அவ்வாறே தந்து விளக்கம் சேர்ப்பதே தக்கது. அகராதிகளைக் கையாளுவதிலும் எச்சரிக்கை வேண்டும். எ. எச். மான் 1889இல் வெளியிட்ட அகராதி நான்கௌரி முதலிய நடுத்தீவுகளின் பேச்சுக்குரியது; ஜார்ஜ் ஒயிட்ஹெட்டின் 1925ஆம் ஆண்டு அகராதி கார்ப் பேச்சுக்குரியது. இரண்டிலும் சொற்களைக் கலந்தெடுத்து 'நிக்கோபாரி' எனப் பொதுப்பெயர் சூட்டுவோர், எத்தீவிலும் எவரும் பேசாத ஒரு மொழியையே உருவாக்குகின்றனர்.