‘இது குப்பை’ என்கிறார் லினஸ்... கம்பெனிகள் ஏன் காது கொடுக்கின்றன?

ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருக்கும் எல்லோருமே லினக்ஸ் பயனாளர்கள்தான். பலருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் இருப்பது லினக்ஸ் கர்னல். உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரில் இருந்து லினக்ஸைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. வங்கிச் செயலி, உணவு டெலிவரி, ஓடிடி என்று எதைத் திறந்தாலும், மறுமுனையில் இருக்கும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடும்.

இத்தனைக்கும் தொடக்கப்புள்ளி வைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் எந்தப் பெரிய கம்பெனிக்கும் சிஇஓ இல்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு சிப்பைப் பற்றியோ, ஒரு கம்பெனியைப் பற்றியோ, ஏ.ஐ. பற்றியோ அவர் ஏதாவது சொல்லிவிட்டால் போதும், சில மணி நேரத்தில் அது தொழில்நுட்பத் தளங்களில் தலைப்புச் செய்தி. ஒரே ஒரு மனிதர் சும்மா சொல்லும் கருத்துக்கு ஏன் இவ்வளவு எடை? அவர் சொன்னதெல்லாம் பலித்ததா? அவர் பேசும் விதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்?

யார் இந்த லினஸ்?

1969 டிசம்பர் 28-ம் தேதி ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் பிறந்தவர். ஸ்வீடிஷ் பேசும் குடும்பம். அப்பா, அம்மா இருவருமே பத்திரிகையாளர்கள். கருத்துச் சொல்வது ரத்தத்திலேயே இருந்தது என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

1991 ஆகஸ்ட் 25 அன்று, 21 வயது கல்லூரி மாணவராக, மினிக்ஸ் பயனாளர்களின் இணையக் குழு ஒன்றில் ஒரு தகவல் போட்டார். இலவசமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குக்காகத்தான், பெரிதாகவெல்லாம் வராது என்பது அதன் சாரம். அவருடைய கணிப்புகளிலேயே மிக மோசமாகப் பொய்த்தது அதுதான்!

அவருடைய வாய் அடுத்த வருடமே பிரபலமாகிவிட்டது. மினிக்ஸை உருவாக்கியவரும் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியருமான ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸின் வடிவமைப்பு காலாவதியானது என்று 1992 ஜனவரியில் எழுதினார். உலகம் முழுக்க மாணவர்கள் படிக்கும் பாடப்புத்தகத்தை எழுதியவர் அவர். லினஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை, சகட்டுமேனிக்குத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அளவு மீறிவிட்டதாக மன்னிப்பும் கேட்டார். முதலில் வெடிப்பது, அப்புறம் யோசிப்பது என்ற இந்தப் பழக்கம் அடுத்த 25 வருடங்களுக்குத் தொடர்ந்தது.

வாய் மட்டும் இல்லை, கையும் வேலை செய்தது. கர்னல் குழு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த ‘பிட்கீப்பர்’ என்ற மென்பொருளுக்கான அனுமதி 2005-ல் பறிபோனது. சந்தையில் இருந்த மாற்று எதுவும் லினஸுக்குப் பிடிக்கவில்லை. தானே உட்கார்ந்து ஏப்ரல் மாதத்தில் சில நாட்களில் ‘கிட்’டின் முதல் வடிவத்தை எழுதினார். இன்று சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் டெவலப்பர் ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன் ‘புஷ்’ பண்ணுவது அந்தக் கிட்டில்தான். அதை மையமாக வைத்து வளர்ந்த கிட்ஹப்பை 2018-ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

லினக்ஸ் கர்னலின் புதிய பதிப்பு சுமார் 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பங்களிப்பு இருக்கும். இன்டெல், கூகுள், ரெட் ஹேட், ஹுவாவே என்று போட்டிக் கம்பெனிகளின் பொறியாளர்கள் ஒரே கூரைக்குள் வேலை செய்யும் இடம் இது.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. அவர்கள் சரிபார்த்த மாற்றங்கள் இரண்டு வார ‘மெர்ஜ் விண்டோ’ காலத்தில் லினஸிடம் வரும். அவர் சேர்த்தால்தான் அதிகாரபூர்வக் கர்னலில் இடம். ஒரு கம்பெனி தன் புது சிப்புக்கு லினக்ஸ் ஆதரவு வேண்டும் என்றால், கடைசியில் இந்த ஒரு வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கம்பெனிகள் காது கொடுப்பதற்குக் காரணம் இந்த வாசல்தான்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த அதிகாரம் கோடு வரைக்கும்தான். சந்தைக்கும் அரசியலுக்கும் அது செல்லாது. அவர் எதைப் பற்றிச் சொன்னாலும் செய்தித் தலைப்பில் ஒரே எடையோடு வருவதால், இந்த வித்தியாசம் வாசிப்பவருக்குத் தெரிவதில்லை.

கோடு பற்றிச் சொன்னால்..?

அது தீர்ப்பு. அவர் பிடிவாதமாகக் காக்கும் விதி ஒன்று உண்டு: கர்னலை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் உடையக் கூடாது. உடைந்தால் தவறு கர்னலுடையது, புரோகிராம் எழுதியவர் மீது பழி போடக் கூடாது. 2012 டிசம்பரில் இந்த விதியை மறந்து பேசிய மூத்த பராமரிப்பாளர் ஒருவருக்கு, வாயை மூடச் சொல்லி எல்லோரும் பார்க்கும் பொது மடல் குழுவிலேயே அவர் எழுதினார். விதி சரிதான். பல வருடங்களுக்கு முன் எழுதிய மென்பொருள் புதிய கர்னலிலும் ஓடுவதற்கு அந்தக் கண்டிப்பு ஒரு முக்கியக் காரணம். சொன்ன விதம்தான் கேள்விக்குறி.

கம்பெனிகளைப் பற்றிச் சொன்னால்..?

இங்கே அவர் நீதிபதி இல்லை, அனுபவசாலியான வாடிக்கையாளர். கொஞ்சம் சத்தமாகப் பேசும் வாடிக்கையாளர்!

மிகப் பிரபலமானது என்விடியா விவகாரம். 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலில், என்விடியா சிப் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் ஒழுங்காக ஓடாதது பற்றிப் பார்வையாளர் ஒருவர் கேட்டார். தாங்கள் கையாண்டதிலேயே மோசமான கம்பெனி அதுதான் என்ற லினஸ், கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்தக் காட்சி இன்றும் மீமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. என்விடியா தன் கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கான டிரைவர் மென்பொருளின் மூலநிரலை மூடியே வைத்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கர்னல் குழுவால் எதையும் சரிசெய்ய முடியவில்லை.

2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. நடுவிரலுக்குக் கிடைத்த வெற்றியா? அப்படிச் சொல்ல முடியாது. இடையில் பத்து வருடம் ஓடிவிட்டது. அதற்குள் என்விடியா சிப்புகள் லினக்ஸ் ஓடும் டேட்டா சென்டர்களில் குவியத் தொடங்கியிருந்தன. ஏ.ஐ. அலைக்குப் பிறகு கர்னல் வேலையில் என்விடியாவின் ஈடுபாடு மேம்பட்டுவிட்டதாக லினஸே பின்னர் பாராட்டினார். திட்டு அல்ல, வியாபாரத் தேவைதான் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

பலிக்காத கருத்தும் உண்டு. ஒரே நேரத்தில் நிறைய எண்களைக் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ்-512 என்ற வசதியை இன்டெல் தன் சிப்புகளில் வைத்திருந்தது. அது வேதனையோடு சாகட்டும் என்று 2020 ஜூலையில் லினஸ் எழுதினார். பெஞ்ச்மார்க்கில் ஜெயிக்க இடத்தை வீணடிக்காமல், அன்றாட வேலைக்கு உதவுவதில் கவனம் வையுங்கள் என்பது வாதம். இது தன் தனிப்பட்ட எரிச்சல் என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 15 வருடங்களில் முதல்முறையாக இன்டெல்லை விட்டு ஏஎம்டி சிப் உள்ள கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், 2022-ல் அதே ஏஎம்டி தன் புதிய சிப்புகளில் ஏவிஎக்ஸ்-512 வசதியைச் சேர்த்தது!

எதிர்பாராத நிதானமும் அவரிடம் உண்டு. லினக்ஸைப் புற்றுநோய் என்று மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் 2001-ல் வர்ணித்தார். 2009-ல் அதே கம்பெனி கர்னலுக்குக் கோடு கொடுக்க முன்வந்தபோது பல லினக்ஸ் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். மைக்ரோசாஃப்ட் மீதான வெறுப்பு ஒரு நோய் என்று அப்போது சொன்னவர் லினஸ்தான். கோடு நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, கொடுத்தது யார் என்பது இல்லை.

நாட்டு நடப்பைப் பற்றிச் சொன்னால்..?

கோடு யார் கையில் இருந்து வந்தது என்பதே பிரச்னையான நாளும் வந்தது. 2024 அக்டோபரில், ரஷ்யாவுடன் தொடர்புடைய பத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் பொருளாதாரத் தடைகள்தான் சட்டரீதியான காரணம். தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களோடு தொடர்புடையவர்களுக்கே இது பொருந்தும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

லினஸ் அதற்குள் பேசிவிட்டார். நான் ஃபின்லாந்துக்காரன், ரஷ்ய ஆக்கிரமிப்பை ஆதரிப்பேன் என்றா நினைத்தீர்கள் என்ற தொனியில் பதில் எழுதினார். 1939-ல் சோவியத் படையெடுப்பைச் சந்தித்த நாட்டில் பிறந்தவரின் உணர்வு அது, புரிந்துகொள்ள முடியும். ஆனால் வருடக்கணக்கில் உழைத்த ஒருவர், என் பெயர் ஏன் போனது என்று கேட்டால் அவருக்குத் தேவை விளக்கம். கிடைத்ததோ ஒரு மனிதரின் சொந்தக் கருத்து. சட்டத்துக்காக எடுத்த முடிவு, பழிவாங்கலாகப் பலர் கண்ணுக்குத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

விலை கொடுத்தது யார்?

அவருடைய மடல்களைப் படித்துச் சிரித்தவர்கள் ஏராளம். அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2013-ல் இன்டெல்லில் பணியாற்றிய கர்னல் பொறியாளர் ஒருவர், இந்த வசைமொழியை நிறுத்துங்கள் என்று பொது மடல் குழுவிலேயே லினஸை எதிர்கொண்டார். அவர் 2015-ல் கர்னல் பணியில் இருந்து விலகியதை வெளிப்படையாக எழுதினார். அங்குள்ள பேச்சு முறைதான் அவர் சொன்ன காரணம். சொல்லாமல் விலகியவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

திருப்பம் 2018 செப்டம்பர் 16 அன்று வந்தது. வழக்கமான பதிப்பு அறிவிப்பு மடலிலேயே, தன் தாக்குதல் பேச்சு தொழில்முறையானது அல்ல, தேவையற்றது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி பெறப்போவதாகச் சொல்லி விடுப்பில் போனார். அதே சமயத்தில் கர்னல் குழு புதிய நடத்தை விதிகளை ஏற்றது. கெட்ட வார்த்தை இருந்தால் மடல் வெளியே போகாதபடி தன் மெயிலில் ஒரு வடிகட்டி போட்டிருப்பதாகவும் பேட்டியில் சொன்னார். அக்டோபரில் வேலைக்குத் திரும்பினார்.

மாறிவிட்டாரா? ஓரளவுக்கு. 2025 ஆகஸ்டில், ரிஸ்க்-ஃபைவ் சிப்புகளுக்கான சில மாற்றங்கள் மெர்ஜ் விண்டோ முடியும் தறுவாயில் வந்தன. குப்பை, அதுவும் தாமதமாக வந்த குப்பை என்று நிராகரித்தார். கடுமைதான். ஆனால் ஏன் என்பதும் அந்த மடலில் இருந்தது. இரண்டு 16 பிட் எண்களைச் சேர்த்து 32 பிட் எண் உருவாக்கும் ஒரு ஃபங்ஷனில், எது மேல்பாதி, எது கீழ்பாதி என்பதைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. படிப்பவரைக் குழப்புவதற்கு ஒரு ஃபங்ஷன் எதற்கு என்பதுதான் கேள்வி. அடுத்த பதிப்புக்குச் சீக்கிரமாக அனுப்பினால் பார்க்கலாம் என்ற வழியும் அதில் இருந்தது.

ஏ.ஐ. பற்றி என்ன சொல்கிறார்?

2024-ல், ஏ.ஐ. என்பது 90 சதவீதம் மார்க்கெட்டிங், 10 சதவீதம்தான் நிஜம் என்றார். அந்த வரி உலகம் சுற்றியது. தொழில்நுட்பம் சுவாரஸ்யமானது, இரைச்சல் அடங்கிய பிறகு நிஜமான பயன் தெரியும் என்று சேர்த்துச் சொன்னது அவ்வளவாகச் சுற்றவில்லை. அவரே 2026 ஜனவரியில், பொழுதுபோக்காகச் செய்யும் ஓர் ஆடியோ திட்டத்தின் பைத்தான் பகுதியை ஏ.ஐ. கருவியைக் கொண்டே எழுதியதாகக் குறிப்பிட்டார். தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத இடத்தில், உடைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத வேலையில் பயன்படுத்தியிருக்கிறார்.

அப்படியென்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

லினஸ் ஏதோ சொல்லிவிட்டார் என்று அடுத்த முறை ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்தால், மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். கர்னலைப் பற்றியதா? அப்படியானால் அது நடக்கப்போகும் விஷயம். ஒரு கம்பெனியையோ சிப்பையோ பற்றியதா? அனுபவசாலியின் புகார், காரணத்தைத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். மற்றதைப் பற்றியதா? ஹெல்சிங்கியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஒருவரின் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

டீம் லீடாக இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஜூனியர் எழுதிய கோடு சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லத்தான் வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். எது சரியில்லை, எப்படி மாற்றலாம், மறுபடி எப்போது அனுப்பலாம் என்ற மூன்றும் பதிலில் இருந்தால் அவர் திருத்தி அனுப்புவார். லினஸின் பழைய திட்டுகளை மீமாகப் பகிர்ந்து, நானும் இப்படித்தான், மனசில் பட்டதைப் பட்டுனு சொல்லிடுவேன் என்று பெருமைப்படுகிறவர்கள், அவரே அதற்காக மன்னிப்புக் கேட்ட 2018 மடலையும் ஒருமுறை வாசிப்பது நல்லது.